பெருந்தொண்டையின் கோரைப்பல்

காலை பதினொன்றரை மணிக்கு நள்ளிரவு ஆகிவிட்டதாக அறிவித்தார்கள்.

செயலர் மணி அடித்தார். நான்கு பேர் எழுந்து ஜன்னல்களின் கறுப்புத் திரைகளை இழுத்து மூடினார்கள். "நள்ளிரவை முன்மொழிகிறேன்" என்றார் ஒருவர். "வழிமொழிகிறேன்" என்றார் இன்னொருவர். எதிர்ப்பு எதுவும் இல்லாததால் நள்ளிரவு ஏகமனதாக நிறைவேறியது. வெளியே தெருவில் யாரோ சைக்கிளுக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டது. பல் அளவெடுக்க வந்திருந்த பல்செட்டுக்காரர் தன் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"எதுக்குங்க இப்பவே நள்ளிரவு?" என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் கிசுகிசுத்தார்.

"ராத்திரி எட்டு மணிக்கு மேல பெரியவங்களால முழிச்சிருக்க முடியல. பிரஷர் மாத்திரை போட்டா கண்ணைச் சொக்குதாம்."

நித்திய தாக மடம் என்பது இரத்தக்காட்டேரிகளின் துறவு மடம். முப்பத்து மூன்று உறுப்பினர்கள். பதவிகள் எல்லாம் வாயைச் சேர்ந்தவை. புதிதாகச் சேர்கிறவர் கீழுதடு. பிறகு மேலுதடு, நுனிநாக்கு, அடிநாக்கு, கடைவாய் என்று ஏறிக்கொண்டே போய், எல்லாருக்கும் உள்ளே, எல்லாரையும் விழுங்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பவர் பெருந்தொண்டை. அவருக்கு வயது எழுநூற்றுப் பன்னிரண்டு என்று கூடத்துச் சலவைக்கல் சொன்னது. அவர் சட்டைப்பையில் இருந்த மருந்துச் சீட்டு எழுபத்தொன்பது என்றது.

பல்செட்டுக்காரர் இங்கே வந்து மாட்டிக்கொண்டதற்கு இரண்டு காரணங்கள். முதல் காரணம், போன மாதச் சடங்கில் பெருந்தொண்டை மந்திரத்தை உரக்கச் சொன்னபோது அவருடைய பல்செட்டு கழன்று பலிக்கிண்ணத்தில் விழுந்து உடைந்தது. மடம் அதைக் ‘கோரைப்பல்லின் திருவிறக்கம்’ என்று அறிவித்து அரைநாள் விடுமுறை விட்டது. இருந்தாலும் உடைந்த பல்செட்டு உடைந்ததுதான்.

இரண்டாவது காரணம் மச்சினன். மனைவியின் தம்பி, வயது நாற்பத்தொன்று. கராத்தே, காளான் வளர்ப்பு, மௌன விரதம், தேனீ என்று வரிசையாக இறங்கி, எல்லாவற்றிலிருந்தும் பிறரால் தூக்கி எடுக்கப்பட்டவன். அவன்தான் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்தான்.

"அக்கா, அடுத்த வியாழக்கிழமை நான் கழுத்தை நீட்டப் போறேன்."

அக்காவின் முகமெல்லாம் பூரித்துப்போனது. "அடப்பாவி, சொல்லவே இல்லையேடா! பொண்ணு யாரு?"

"பொண்ணு இல்லக்கா. பெருந்தொண்டை."

விஷயத்தைச் சொல்லி முடித்தான். கழுத்தில் பல் ஒரு விரற்கடை இறங்குமாம். இறங்கியபிறகு வீட்டுப் பக்கமே வரக்கூடாதாம். சொந்தபந்தம் எல்லாம் தண்ணீர், அடர்த்தி போதாது என்று மடத்தில் பாடம் எடுத்திருக்கிறார்கள். அதற்காகப் பன்னிரண்டு பாஸ்போர்ட் சைஸ் புகைப்படம்கூட எடுத்துவிட்டான். அக்கா அழுதாள், தட்டை நகர்த்தினாள், பிறகு எல்லா அக்காக்களையும் போலக் கணவர் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, நீங்க பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்களே! அவனைக் கூட்டிட்டு வந்து சேருங்க. அவன் அங்க போனான்னா நான் இங்க சமைக்கமாட்டேன்."

மறுநாள் காலை பத்து மணிக்கு மடத்தின் செயலரே கடை வாசலில் வந்து நின்றார். பெருந்தொண்டைக்குப் புதிய பல்செட்டு வேண்டும், கோரைப்பல் இரண்டும் நீளமாக, கூராக, வியாழக்கிழமைக்குள்.

பல்செட்டுக்காரருக்குப் பகீரென்றது. ஊரில் பதினோரு பல்செட்டுக் கடை இருக்கும்போது இந்தக் கடைக்கு ஏன் வருகிறார்? கழுத்தை நீட்டுகிறவனின் அத்தான் என்று தெரிந்து வந்தாரா, தெரியாமலா? பேசும்போது தன் கழுத்தைப் பார்க்கிறாரா, கழுத்துக்குப் பின்னால் தொங்கும் காலண்டரைப் பார்க்கிறாரா? எதற்கும் இருக்கட்டும் என்று அன்றிலிருந்து மப்ளர் சுற்றிக்கொண்டார். கொளுத்துகிற வெயிலில் அவரைப் பார்த்தவர்கள் எல்லாம் இருமலா என்று கேட்டார்கள். மடத்தில் மட்டும் யாரும் கேட்கவில்லை. அதுவும் சந்தேகமாக இருந்தது.

நள்ளிரவு நிறைவேறிய பிறகு சடங்குகள் தொடங்கின. முதலில் நிழல் நீக்கம். விளக்கை அணைத்தார்கள். "நிழல் தெரிகிறதா?" என்று செயலர் கேட்டார். "இல்லை!" என்றது சபை. விளக்கைப் போட்டு, முப்பத்து மூன்று பேருக்கும் நிழல் இல்லை என்று குறித்துக்கொண்டார்கள். குறிக்கிறவரின் கையின் நிழல் தாளில் விழுந்து எழுத்தை மறைத்ததால் அவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து எழுதினார்.

அடுத்தது பிம்ப மறைப்பு. ஆளுயரக் கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதற்குக் கறுப்பு பெயிண்ட் அடித்திருந்தது. ஒவ்வொருவராகப் போய் அதன் முன் நின்று, உருவம் தெரியாததைக் கண்டு மகிழ்ந்து, கையெழுத்துப் போட்டார்கள். ஒரு கடைவாய் மட்டும் பழக்கதோஷத்தில் அதன் முன் நின்று தலையை வாரிக்கொண்டார்.

மூன்றாவது, வௌவாலாதல். உத்தரத்தில் ஒரு இரும்புக் குழாய். அதில் இருபது விநாடி தலைகீழாகத் தொங்க வேண்டும். மிச்சத்தைத் தீர்மானம் போட்டு நிறைவேற்றிவிடுவார்கள். அன்று இரண்டு பேருக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது. ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "நான் போன வருஷமே பறந்தாச்சு, சர்டிபிகேட் இருக்கு" என்று விலக்கு வாங்கினார்.

கடைசியில் பலிக்கிண்ணம் சுற்றி வந்தது. சிவப்பாக, நுரையோடு இருந்தது. ஒவ்வொருவரும் ஒரு மிடறு குடித்துக் கண்ணை மூடி, "இனிப்பும் மண்வாசனையும்!" என்று உருகினார்கள். பல்செட்டுக்காரர் மப்ளரை இறுக்கிக்கொண்டார். ஆனால் வரும் வழியில் சமையலறைத் தொட்டியில் ஒரு கூடை பீட்ரூட் தோலை அவர் பார்த்திருந்தார்.

செயலர் எழுந்து ஆண்டறிக்கை வாசித்தார்.

"கடந்த அறுபத்திரண்டு ஆண்டுகளில் நம் மடத்தில் ஒரு கடிகூட நிகழவில்லை என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன். கடிக்க யாராலும் முடியும். கொசுகூடக் கடிக்கிறது. ஆனால் கொசுவுக்கு நடைமுறை உண்டா? துணைக்குழு உண்டா? நாம் கடிப்பவர்கள் அல்லர். கடியின் கண்ணியத்தைக் காப்பவர்கள்!"

கைதட்டல் அடங்க ஐந்து நிமிடம் ஆயிற்று. மச்சினன்தான் அதிக நேரம் தட்டினான். அத்தானைப் பார்த்ததும் தெரியாதவன் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டான். கழுத்தில் சந்தனக் கலரில் ஏதோ தடவியிருந்தான். பிறகு விசாரித்ததில் அது கழுத்து மிருதுவாக இருப்பதற்கான கிரீம் என்று தெரிந்தது.

உள்ளறையில் பெருந்தொண்டையின் வாயை அளவெடுக்கும் வேலை நடந்தது. பல்செட்டுக்காரர் அச்சு மாவைத் தண்ணீரில் குழைத்துத் தட்டில் நிரப்பி வாய்க்குள் வைத்து அழுத்தினார். மேலேயும் ஒரு பல்கூட இல்லை, கீழேயும் ஒரு பல்கூட இல்லை. ஈறு மட்டும் குழந்தையின் ஈறுபோல ரோஜா நிறத்தில் இருந்தது. அச்சு எடுத்தபிறகு சூடுபண்ணிய மெழுகுக் கட்டையை வைத்தார்.

"மெதுவா கடிங்க ஐயா."

பெருந்தொண்டை வாயைத் திறந்தபடியே செயலரைப் பார்த்தார்.

"கடிப்பதற்குத் தீர்மானம் வேண்டும்" என்றார் செயலர்.

"மெழுகுதாங்க. சும்மா ஒரு தடவை மூடினாப் போதும்."

"மூடலாம். மூடுதல் அவருடைய அதிகாரத்துக்கு உட்பட்டது. கடித்தல் என்றால் பொதுக்குழு."

‘கடித்தல் நோக்கமற்ற வாய்மூடல்’ என்று எழுதி வாங்கிக்கொண்டு செயலர் வெளியே போனார். அவர் தலை மறைந்ததும் பெருந்தொண்டை பல்செட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இதோ பாருப்பா. வியாழக்கிழமைக் கடிக்கு இப்பத்தான் முதல் தடவையா பொதுக்குழு அனுமதி குடுத்திருக்கு. நான் ரிட்டயர் ஆகறதுக்குள்ள ஒரு தடவையாவது கடிச்சுடணும். இத்தனை வருஷமா வாயைத் திறந்து திறந்து மூடினதுதான் மிச்சம். போர்டுல என் பேருக்கு நேரா ‘கடித்தவர்’னு ஒரு வார்த்தை வரணும். நல்லா கூரா செஞ்சு குடு. நீ செஞ்ச பல்லுன்னு கல்லுல போடச் சொல்றேன்."

பல்செட்டுக்காரருக்கு, இவர் காட்டேரி இல்லை என்று நிம்மதிப்படவும் முடியவில்லை. கழுத்தில் இறங்கப்போவது பிளாஸ்டிக் பல்லானாலும் கழுத்து நிஜக் கழுத்து. பழியோ தன் பெயரில், கல்லில்.

மடத்தில் இருக்கும் எல்லா வாயையும் அளவெடுத்து வைக்க வேண்டும் என்று செயலர் சொல்லியிருந்தார். யாரும் தன் பதவிக்கு மேற்பட்ட நீளத்தில் பல் வைத்துக்கொள்ளக் கூடாதாம். இரண்டு நாளில் முப்பத்து மூன்று வாயும் பார்த்தாயிற்று. அத்தனை பேரும் மாட்டிக் கழற்றும் கோரைப்பல். சிலர் கழற்றிச் சட்டைப்பையில் சீப்போடு வைத்திருந்தார்கள்.

கடைசியில் வாசலில் உட்கார்ந்து கதவு திறந்துவிடும் பெண்மணி மட்டும் பாக்கி. எல்லாரும் கதவம்மா என்பார்கள். ஐம்பது வயது சொல்லலாம். இருட்டான நடைபாதையில் ஒரு ஸ்டூலில் இருப்பார். வெளிக்கதவை ஒரு கம்பால் தள்ளித் திறப்பாரே தவிர, வெயில் விழும் பக்கம் நகரமாட்டார்.

"மெதுவா தம்பி. முன்னாடி வந்த பல் டாக்டர் பாதியிலேயே மயங்கிட்டார்."

மாவு இறுகியதும் தட்டை இழுத்தால், அச்சு இரண்டு இடத்தில் கிழிந்து வந்தது. கடையில் போய் அச்சில் பாரிஸ் சாந்து ஊற்றி, மறுநாள் கொண்டுவந்து, சரிதானா என்று கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். சாந்துப் பல்லே விரலைக் கிழித்துவிட்டது. ஒரு சொட்டு இரத்தம் நின்றது.

கதவம்மா அந்தச் சொட்டைப் பார்த்தார். பிறகு மரியாதையாக முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"தொடைச்சுக்குங்க தம்பி. ட்யூட்டி நேரம்."

பல்செட்டுக்காரருக்கு மப்ளருக்குள் கழுத்து சுருங்கி ஆமைபோல் உள்ளே போயிற்று. "ஏம்மா... நீங்க... நிஜமாவே அதுதானா?"

"எங்க வீட்டுல அப்படித்தான் சொல்லுவாங்க."

"அப்போ வாசல்ல ஏன் உட்கார்ந்திருக்கீங்க? உள்ளே பெரிய நாற்காலியில இல்ல இருக்கணும்?"

"பத்தொன்பது தடவை விண்ணப்பம் போட்டேன். போட்டோ ஒட்டணுங்கறாங்க. எனக்குப் போட்டோ விழாது. ஒவ்வொரு தடவையும் பின்னாடி இருக்கற திரை மட்டும் வருது. ‘விண்ணப்பதாரர் வரவில்லை’ன்னு திருப்பி அனுப்பிடறாங்க. எழுத்துத் தேர்வுல ‘இரத்தத்தின் ருசி யாது?’ன்னு ஒரு கேள்வி. உப்பு, லேசா இரும்பு வாடைன்னு எழுதினேன். முட்டை போட்டுட்டாங்க."

"இவங்ககூடச் சேர்ந்து என்னம்மா ஆகப்போகுது?"

கதவம்மா கையிலிருந்த கம்பைச் சுவரில் சாய்த்து வைத்தார். "நானூறு வருஷமா தனியா இருக்கேன் தம்பி. நம்மள மாதிரி நாலு பேரோட உட்கார்ந்து பேசலாமேன்னு ஒரு ஆசை. வேற என்ன?"

அன்று வீட்டில் பெரிய ரகளை.

"என் தம்பி கழுத்துல இறங்கப்போற பல்லை நீங்களே உட்கார்ந்து கூர் சீவுறீங்களா? நல்லா இருக்குங்க!"

"நான் செய்யலேன்னா வேற கடையில செய்வாங்கடி. அவன் இரும்புலயே செஞ்சு குடுத்துடுவான். இந்தா, தொட்டுப் பாரு."

மனைவி பயந்து பயந்து தொட்டாள். கோரைப்பல் அழிரப்பர்போல வளைந்தது. ஈறு வலிக்கிறவர்களுக்குப் பல்செட்டின் உட்புறம் ஒட்டுகிற மெத்துப் பொருளில் செய்து, மேலே பல் நிறம் பூசியிருந்தார். முப்பது வருட வேலையில் அவர் செய்த முதல் மட்டமான பல் அது. மனைவி அதை இன்னொரு முறை வளைத்துப் பார்த்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.

வியாழக்கிழமை பதினொன்றரைக்கு நள்ளிரவு. தரையில் பதின்மூன்று வட்டம் போட்டு, நடுவில் மச்சினனை முக்காலியில் உட்காரவைத்தார்கள். கிரீம் பளபளத்தது. பல்செட்டுக்காரர் ஓர் ஓரத்தில் நின்று, கண்டுபிடித்துவிட்டார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவர்களும் அவரைப் பார்த்தார்கள். ஒவ்வொருவரும் அடுத்தவரின் பல்லைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார்கள். அது அவர்களுடைய வழக்கம்.

ஒன்றே முக்கால் மணி நேரம் மந்திரம். பெருந்தொண்டை குனிந்தார். கண்ணை மூடினார். அறுபத்திரண்டு ஆண்டுகளின் பசியோடு கவ்வினார்.

கோரைப்பல் இரண்டும் மடங்கி, மூக்கை நோக்கித் திரும்பி நின்றன.

"ஹிஹி... கூசுது ஐயா" என்றான் மச்சினன்.

பெருந்தொண்டை மறுபடி கவ்வினார். மறுபடி கூசிற்று. செயலர் வேர்த்துப்போய், "கழுத்தில் விறைப்பு அதிகமாக உள்ளது" என்று குறித்துக்கொள்ளச் சொன்னார். பெருந்தொண்டையின் கண்ணில் நீர் முட்டியது. அதைப் பார்க்கப் பொறுக்காமல்தானோ என்னவோ, நடைபாதைப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"நான் வேணா கடிச்சுக் காட்டட்டுங்களா?"

கதவம்மா வட்டத்துக்குள் வந்து நின்று வாயைத் திறந்தார்.

அந்த முதல் விநாடியில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. முப்பத்து மூன்று பேரும் ஓரடி பின்னால் போனார்கள். இரண்டாவது விநாடியில் செயலர் சமாளித்துக்கொண்டார்.

"உங்கள் விண்ணப்பத்தில் புகைப்படம் இல்லை!"

"பல் இருக்குங்களே."

"அது அங்கீகாரம் பெறாத பல்!"

மூன்றாவது விநாடி மச்சினனுடையது. இரண்டு வருடமாக இதற்காகத் தவம் கிடந்தவன், ஒரு முழ தூரத்தில் அசல் பல்லைப் பார்த்ததும், "அக்கா!" என்று அலறிக்கொண்டு பாய்ந்தான். கதவு எது, ஜன்னல் எது என்று பார்க்கவில்லை. கறுப்புத் திரையோடு திரையாக ஜன்னல் வழியே தெருவில் போய் விழுந்து, திரையைப் போர்த்தியபடியே வீடுவரை ஓடினான்.

ஒன்றேகால் மணி வெயில் கூடத்துக்குள் குபீரென்று பாய்ந்தது. "எரிகிறேன்! எரிகிறேன்!" என்று முப்பத்து மூன்று காட்டேரிகளும் நாற்காலிக்கு அடியில் புகுந்தார்கள். ஒருவர்கூட எரியவில்லை. ஒருவருக்கு வியர்க்குரு வந்தது. கதவம்மாவின் வலது கையிலிருந்து மட்டும் புகை எழுந்தது. அவர் கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு நடைபாதை இருட்டுக்குள் திரும்பிப் போனார்.

மறுநாள் அவருக்கு ஒரு குறிப்பாணை வந்தது. மடத்து வளாகத்தில் அனுமதியின்றிப் புகை எழுப்பியதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து, பொழுது சாய்ந்து தெருவிளக்கு எரியத் தொடங்கிய நேரத்தில், கதவம்மா குடையோடு கடைக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பல்செட்டுக்காரர் எழுந்து மப்ளரைத் தேடினார்.

"பயப்படாதீங்க. வெளியில ‘நல்வரவு’ன்னு போர்டு போட்டிருக்கீங்க, அதான் வந்தேன். கூப்பிடாத இடத்துல எங்க ஆளுங்க கால் வைக்கமாட்டோம். போர்டு இருந்தா அது கூப்பிட்ட மாதிரிதான்." பிறகு வாயைத் திறந்தார். "இது ரெண்டையும் பிடுங்கிட்டு, அவங்க மாதிரி ஒரு செட்டு வச்சு விடுங்க தம்பி. இருபதாவது தடவை போட்டுப் பார்க்கறேன்."

பல்செட்டுக்காரருக்குப் பயமெல்லாம் போய்க் கோபம் வந்தது. "இந்த மாதிரி பல்லை எந்த வாயிலயும் நான் பார்த்ததில்ல. இதைப் பிடுங்கச் சொல்றீங்களே! என் கை வராதும்மா."

பிடுங்காமலே ஒரு வழி செய்தார். அசல் பல்லுக்கு மேல் மாட்டிக் கழற்றுகிற போலிப் பல் உறை. மடத்து அளவுக்கு, மலிவான பளபளப்போடு. ருசி என்ன என்று கேட்டால் ‘இனிப்பும் மண்வாசனையும்’ என்று எழுதச் சொன்னார். புகைப்படம்தான் இடித்தது. அதற்கும் மனைவி வழி சொன்னாள்.

"தம்பி எடுத்த போட்டோ பதினொண்ணு சும்மா கிடக்குதே. ஒட்டி அனுப்புங்க. அங்க யாருங்க முகத்தைப் பார்க்கறாங்க?"

பத்தே நாளில் கதவம்மா கீழுதடு ஆனார். ‘புகைப்படத்தில் உள்ள மீசை விதிகளுக்கு உட்பட்டதே’ என்று துணைக்குழு சான்றளித்திருந்தது.

அதன்பிறகு ஒரு மாதம் மடத்திலிருந்து சத்தமே இல்லை. பகல் பதினொன்றரைக்கு மணி அடிப்பதும் நின்றுவிட்டதாகத் தெருக்காரர்கள் சொன்னார்கள். பிறகு ஒரு நாள் சாயங்காலம் கடை வாசலில் ஒரு துணிப்பை இருந்தது. உள்ளே ஒரு ஜோடி பல் உறை, ஒரு மெத்துப் பல்செட்டு, முப்பத்திரண்டு ஜோடி மாட்டிக் கழற்றும் கோரைப்பல். மேலே ஒரு சீட்டு.

‘தம்பிக்கு, இனி இதெல்லாம் தேவைப்படாது. எல்லாருக்கும் சொந்தப் பல் வந்துவிட்டது. பெரியவருக்குத்தான் ரொம்ப சந்தோஷம், தூங்குவதே இல்லை. எனக்குப் பேச்சுத்துணைக்குக் குறைவில்லை. எல்லாரும் உங்களையும் உங்கள் மச்சினனையும் கேட்டதாகச் சொன்னார்கள். ஒருநாள் வீட்டுக்குக் கூப்பிடுங்கள்.’

பல்செட்டுக்காரர் சீட்டை இரண்டு தடவை படித்தார். ஸ்டூலைப் போட்டு ஏறி, கடையின் ‘நல்வரவு’ போர்டைக் கழற்றினார். பூட்டைக்கூடச் சரியாக இழுத்துப் பார்க்காமல் வீட்டுக்கு ஓடினார்.

உள்ளே மச்சினன் கண்ணாடி முன் நின்று மீசையை நறுக்கிக்கொண்டிருந்தான். கண்ணாடியில் ஆள் முழுசாகத் தெரிந்தான். "என்ன அத்தான் இப்படி மூச்சு வாங்குது? நான் மட்டும் அங்கேயே இருந்திருந்தா இந்நேரம் மேலுதடு ஆகியிருப்பேன், தெரியுமா?"

பல்செட்டுக்காரர் வாசற்படிக்குத் திரும்பிப் போய், போன வருடம் மனைவி ஆசையாக வாங்கிப் போட்டிருந்த, பெரிய பெரிய எழுத்தில் ‘நல்வரவு’ என்று நெய்த கால்மிதியைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"ஏங்க, அதை எங்க தூக்கிட்டுப் போறீங்க?"

"துவைக்கணும்."

"நேத்துதானே துவைச்சேன்!"

தெருமுனையில் இருட்டத் தொடங்கியிருந்தது. பல்செட்டுக்காரர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

"இன்னும் காயலடி" என்றார்.